ஃபங்ஷனுக்குள் ஒரு வரி

பெரிய சிஸ்டருக்கு ஒரு பட்டன் வேண்டும். சாம்பல் நிறத்தில், கொஞ்சம் புடைத்தாற்போல, மேலே "வரிசை போடு" என்று எழுதி. அமுக்கினால் கம்ப்யூட்டர் ஒரு நொடி யோசிக்க வேண்டும். பிறகு எந்த டயாலிசிஸ் மெஷின் யாருக்கு என்று பெயரைக் கொண்டுவந்து கட்டத்தில் உட்கார வைக்க வேண்டும்.

"அப்பதான் சார் ஒரு வேலை நடந்த மாதிரி இருக்கும். இப்ப என்னடான்னா அது பாட்டுக்கு மாறிக்கிட்டே இருக்கு. பார்க்கப் பார்க்க மாறுது, பச்சோந்தி மாதிரி."

டாக்டரம்மாவுக்குப் பட்டன் வேண்டாம். பட்டன் என்று ஒன்று இருந்தால் அதை அமுக்க ஒரு விரல் வேண்டும், விரல் இருந்தால் அதைப் பிடித்து இழுக்க நாலு பேர் வருவார்கள் என்பது அவர் கட்சி.

இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸெல் ஷீட்டுகளுக்கெல்லாம் மேய்ப்பர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்றபடி வாட்ச்மேனிலிருந்து டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவர் ஃபார்முலாதான். பின்னால் "சார்" ஒட்டுவதும் ஒட்டாததும் அவரவர் வளர்ப்பு.

ஃபார்முலா வெள்ளைப் பலகையில் இரண்டு கட்டம் போட்டு விளக்கினார். இப்படி யாராவது விளக்கம் கேட்டுவிட்டால் அவருக்கு முகத்தில் ஒரு களை வந்துவிடும். வருஷத்தில் ஒரு தரம்தான் கேட்பார்கள்.

"சிஸ்டர், ஷீட்டுக்கு நாம எழுதிக் குடுக்கற உத்தரவுதான் மேக்ரோ, அதுல ரெண்டு ரகம். ஒண்ணு ஃபங்ஷன். கேட்டா பதில் சொல்லும், அவ்வளவுதான். கட்டத்துல உக்கார வெச்சா, பக்கத்துக் கட்டத்தைத் தொடாது. தொடவும் விடமாட்டாங்க. இன்னொண்ணு சப்ரூட்டீன். அது பதிலெல்லாம் சொல்லாது, வேலையைச் செய்யும். எந்தக் கட்டத்துல வேணும்னாலும் எழுதும், அழிக்கும், பெயின்ட் அடிக்கும். அது செஞ்சதை அன்டூ பண்ணவும் முடியாது."

பெரிய சிஸ்டர் பலகையைப் பார்த்துத் தலையாட்டினார். "புரிஞ்சுது சார். எங்க வீட்டுக்காரர் ஃபங்ஷன். நான் சப்ரூட்டீன்."

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஃபார்முலா. தன் வீட்டு விஷயம் வெளியே வந்துவிட்டதோ என்ற பயத்தில் வந்த சிரிப்பு அது.

ஃபங்ஷன்தான் ஜெயித்தது. அது ரத்தப் பரிசோதனை முடிவையும், காத்திருந்த காலத்தையும், கால் வீக்கத்தையும், மூச்சு வாங்குவதையும் பார்க்கும். பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இத்தனாவது என்று சொல்லும். யாருடைய கட்டத்தில் எது மாறினாலும் மொத்த வரிசையும் தானாகவே குலைந்து மறுபடி நிற்கும். யாரும் எதையும் அமுக்க வேண்டாம். யார் சொல்லியும் யாரும் முன்னால் போக முடியாது. பெரிய சிஸ்டர் தோற்றவர்களுக்கே உரிய பிடிவாதத்தோடு, தினமும் சாயங்காலம் அந்த வரிசையை ஒரு பிரின்ட் எடுத்து அட்டையில் கிளிப் போட்டு வைத்துக்கொண்டார். "பேப்பர் தூக்கத்துல மாறாது சார்" என்றார்.

மெஷின்கள் கொஞ்சம். காத்திருப்பவர்கள் அதிகம். காத்திருப்பவர்களுக்கு உடம்பு ரொம்ப மோசமானால் அவசரத்துக்கு ஒரு தரம் மெஷினில் ஏற்றி அனுப்புவார்கள். வாரத்துக்கு மூன்று நாள் என்று நிலையான இடம் கிடைத்தால்தான் பிழைப்பு. அந்த இடம் எப்போதாவது காலியாகும். எப்படிக் காலியாயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துப் போகிறவர்கள் வந்து சொல்லிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் சொல்லிக்கொள்வதில்லை.

ஷீட் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அதில் ஃபார்முலாவின் மச்சான் பெயரும் ஏறியது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவன். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே அச்சுறுத்த, பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொழில். அதனாலோ என்னவோ அவனுக்கு எதற்கும் சட்டென்று பயம் வராது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அக்கா வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலில் வந்து படுத்துக்கொண்டான். கால் வீங்கி, முகம் உப்பி, தோல் சாம்பல் பூத்து, ஆனால் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

சாயங்காலம் ஃபார்முலா செருப்பைக் கழற்றுவதற்குள் குரல் வரும்.

"மாமா, நம்ம வண்டி இன்னைக்கு எங்க நிக்குது?"

"அஞ்சாவது."

"நேத்து நாலுல இருந்தேனே! ரிவர்ஸ்லயா போறோம்?"

"புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காருப்பா. பொட்டாசியம் ரொம்ப ஜாஸ்தி."

"எனக்கு மட்டும் என்ன கொறைச்சல்? கொஞ்சம் மெனக்கெட்டா நானும் ஏத்திக் காட்டுவேன்."

"டேய், வாயைக் கழுவு" என்று உள்ளேயிருந்து அக்கா கத்துவாள்.

"தண்ணியை நீதான் அளந்து குடுக்கறே. கழுவறதுக்கும் சேர்த்து அளந்துடு."

மச்சான் சொன்னதில் விளையாட்டு பாதிதான். அந்த வரிசையில் முன்னேறினால் உடம்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பின்தங்கினால் வேறொருவருக்கு அதைவிட மோசமாகக் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டில் எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் ஃபார்முலா தினமும் ஒரு எண்ணைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த எண்ணைக் கண்டுபிடித்த மகானும் அவரேதான்.

அவர் மனைவிக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசர பட்டனை அழுத்தினால் இந்தப் பக்கம் ஒரு குரல் கேட்கும் இல்லையா, அந்தக் குரல் அவள்தான். மச்சான் நான்கிலிருந்து ஆறுக்குப் போன அன்று, சமையலறையில் தம்பியின் தண்ணீரைக் குவளையால் அளந்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ஷீட்டு உங்க கையிலதானே இருக்கு?"

"என் கையில எங்க இருக்கு? அது தானாவே..."

"எழுதினது நீங்கதானே?"

"நான்தான். ஆனா அது ஃபங்ஷன். அதால..."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். அவன் பேரை மேல கொண்டுபோற மாதிரி ஒரு பட்டன் போட முடியுமா, முடியாதா?"

"முடியும். ஆனா..."

"முடியும்னுட்டீங்க. 'ஆனா'வை நான் கேக்கலை."

ஃபார்முலா அடுப்பு மேடையில் இல்லாத ஒரு கறையைத் துடைத்தார். "முன்னாடி நிக்கறவங்களுக்கும் அக்கா, தங்கச்சி இருப்பாங்கம்மா."

"இருக்கட்டும். அவங்க வீட்டுக்காரரு அங்க வேலை பாக்கலையே." மூடியைத் திருகினாள். "நாள் முழுக்க மாட்டிக்கிட்டவங்ககிட்ட 'பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க'ன்னு சொல்றேன். பாதி நேரம் ஆள் கெளம்பியே இருக்க மாட்டான். வீட்டுக்கு வந்து என் தம்பிகிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். என் வாயே எனக்கு அலுத்துப்போச்சுங்க."

ஃபார்முலா அந்த இல்லாத கறையை மறுபடி ஒரு தரம் துடைத்தார்.

அதற்குப் பிறகு மச்சானின் உடம்பு முன்னேறியது, அதாவது கெட்டது. ஐந்து, மூன்று, இரண்டு. இரண்டாவது இடத்துக்கு வந்த அன்று அவனால் உட்கார்ந்துகொண்டுதான் தூங்க முடிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதலிடத்தில் இருந்தது ஒரு தையல்கார அம்மா. ஃபார்முலா அந்தப் பெயரை ஷீட்டில் பார்த்துப் பார்த்து, பார்த்திராத அந்த அம்மாவுக்கு ஒரு முகமே செய்து வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். பக்கத்து அறையில் துடைப்பவர் வாளியை உருட்டும் சத்தம். பெரிய சிஸ்டர் வழக்கம்போலப் பிரின்ட் எடுத்துக் கிளிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஃபார்முலா கம்ப்யூட்டரில் மேக்ரோ எழுதும் ஜன்னலைத் திறந்தார்.

செய்ய வேண்டியது என்னவென்று அவர் விரல்களுக்கே தெரியும். புதிதாக ஒரு சப்ரூட்டீன். அடுத்த காலி இடத்துக்கான கட்டத்தில் மச்சான் பெயரை எழுதச் சொல்லி ஒரே வரி. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஒரு தரம் ஓட்டிவிட்டு அழித்துவிட்டால் தடயம்கூட இருக்காது. சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

அவர் அதை எழுதவில்லை. கர்சரைக் கொண்டுபோய், ஏற்கெனவே இருந்த ஃபங்ஷனுக்குள், கணக்குகளுக்கெல்லாம் கீழே வைத்தார். அங்கே எழுதினார், பக்கத்துக் கட்டத்தில் மச்சான் பெயரைப் போடு என்று.

கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபங்ஷனால் பக்கத்துக் கட்டத்தைத் தொட முடியாது என்று வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு விளக்கிய அதே மனிதர். முதல் முறையாக மேக்ரோ எழுதுகிறவன் செய்கிற தப்பு அது. அதைச் செய்துவிட்டு வந்து நிற்கும் பையன்களை அவர் எத்தனையோ தரம் கிண்டல் செய்திருக்கிறார். தெரிந்தே எழுதினாரா என்றால், அவரிடமே கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். மனைவியிடம் "எழுதிட்டேன்" என்று சொல்ல வேண்டும். டாக்டரம்மா முகத்தை நேருக்கு நேர் பார்க்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து உலகத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். நடக்க முடியாத திருட்டு. காலையில் வந்து அதை எடுத்துவிட்டு, "பார்த்தேன்மா, முடியலை" என்று வீட்டில் சொல்லிவிட வேண்டியது.

சேமித்தார். திரையில் எதுவும் அசையவில்லை. தான் பார்க்கிற கட்டம் எதுவும் மாறாதவரை ஃபங்ஷன் எழுந்திருக்காது. நிம்மதியாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"பண்ணிட்டீங்களா?" என்று மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"எழுதியிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. அவள் அவர் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். பையை வாங்கிக்கொள்ளும் பழக்கமெல்லாம் அந்த வீட்டில் நின்றுபோய் ரொம்ப நாளாகியிருந்தது.

காலையில் பெரிய சிஸ்டர் மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க ஃபங்ஷன் மண்டையைப் போட்டுடுச்சு! ஒரு எடம் காலி ஆயிருக்கு. மெஷினைச் சுத்தம் பண்ணி முடிக்கறதுக்குள்ள ஆள் வந்தாகணும். லேப்ல இருந்து வந்த முதல் ரிப்போர்ட்டை ஏத்தினேன், மொத்தமும் போச்சு."

ஃபார்முலா ஓடிப்போய்ப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் முன்னால் ஒரு வேலிக்குறி, பின்னால் ஒரு ஆச்சரியக்குறி, நடுவில் 'வேல்யூ' என்ற புலம்பல். மேலிருந்து கீழ்வரை ஒரே ஒப்பாரி. செய்யக்கூடாததைச் செய்யச் சொன்னால் ஃபங்ஷன் சண்டை போடாது, விளக்கம் கேட்காது. தனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து விழுங்கிவிடும்.

"யார் ரிப்போர்ட்டை ஏத்தினீங்க?"

"உங்க மச்சானோடதைத்தான் சார்."

அவர் நாற்காலியை இழுத்து, திரையை முதுகால் மறைத்துக்கொண்டு, அந்த வரியை அழித்தார். ஒரு நொடி வேலை. ஒப்பாரி நின்றது. எண்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பின. நேற்றுக் கொடுத்த ரத்தத்தில் மச்சானின் பொட்டாசியம் எங்கேயோ ஏறியிருந்தது. பெயர் முதலில் நின்றது. தையல்கார அம்மா இரண்டாவது.

"அட, சரியாயிடுச்சே" என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சிஸ்டரின் குரல் பாதியில் இறங்கியது. "அய்யோ சார். நான் நேத்து பிரின்ட்டைப் பார்த்து அந்தத் தையக்காரம்மாவைக் கூப்பிட்டுட்டேனே. பஸ் ஏறிட்டாங்களாம். இது மட்டும் காலையில ஒழுங்கா..." மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். நல்ல மனுஷி. "டாக்டரம்மாகிட்ட பேசிப் பாருங்க சார். ஷீட்டுல கோளாறு, நியாயப்படி எடம் என் மச்சானுக்குத்தான்னு சொல்லுங்க. கேப்பாங்க."

கேட்பார்தான். டாக்டரம்மா கதவுக்கு வெளியே ஃபார்முலா மனசுக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோளாறு. நியாயப்படி. என் மச்சானுக்கு. பிறகு உள்ளே போனார்.

"வாங்க ஃபார்முலா. ஏதோ எர்ரர்னாங்களே, என்ன ஆச்சு?"

"ஒரு வரி தப்பா இருந்துது டாக்டர். எடுத்துட்டேன்."

"என்ன வரி?"

"தேவையில்லாத ஒண்ணு."

"சரி, இப்ப ஓடுதா? அடுத்து யாரு?"

"என் மச்சான்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அந்த முகத்தில் சந்தேகம் இல்லை. அது இருந்திருந்தால்கூட ஃபார்முலா சமாளித்திருப்பார்.

"உங்க வீட்டு ஆளை வெச்சுக்கிட்டே இத்தனை நாள் அதைத் தொடாம இருந்தீங்களே. வேற யாரா இருந்தாலும் என்னை வந்து அரிச்சிருப்பாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குத்தான் பட்டன் வேணாம்னேன். அடுத்த காலி அவருக்குத்தான், சரியா? வேற ஏதாவது சொல்லணுமா?"

கதவுக்கு வெளியே சொல்லிப் பார்த்த வாக்கியம் இன்னும் பாக்கி இருந்தது. அதைச் சொன்னால் அந்த வரியையும் சொல்ல வேண்டும். வரியைச் சொன்னால் இனி இந்த ஷீட்டில் எந்தப் பெயரையும் யாரும் நம்ப மாட்டார்கள், மச்சான் பெயரை முதலில். முதலில் என்ற சொல் அங்கேயும் வந்து நின்றது.

"இல்லை டாக்டர்."

வராந்தாவில் ஒரு பெண் கையில் துணிப்பையோடு கதவு கதவாக எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தாள். ஃபார்முலா செய்து வைத்திருந்த முகத்துக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வயதான ஒருத்தியை அல்லவா செய்திருந்தார்! இவள் மச்சானைவிடச் சின்னவள். கழுத்தில் அளவு டேப்பை மாட்டியபடியே ஓடிவந்திருந்தாள்.

"சார், டயாலிசிஸ் ரூம் எந்தப் பக்கம்? சீக்கிரம் வரச்சொன்னாங்க."

அவரைப் பார்த்தால் வழி கேட்கத் தோன்றும், அப்படி ஒரு முகவாகு. ஃபார்முலா அவளைக் கடைசிக் கதவுவரை கூட்டிக்கொண்டு போனார். படி இருக்கு, பார்த்து வாங்க என்று வேறு சொன்னார். அவள் நன்றி சொன்னபோது, பரவாயில்லைங்க என்றார். அவளை வெறுப்பதற்கு ஒரு முயற்சி செய்தார். அதுவும் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவசரப் பிரிவிலிருந்து புதிதாக ஒரு கேஸ் வந்தது. பெரிய சிஸ்டர் ஒவ்வொரு விரலாகத் தட்டி விவரம் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர், வயது, எடை. அவர் பொட்டாசியக் கட்டத்துக்கு வருவதற்குள் ஃபார்முலா தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

செருப்பைக் கழற்றும்போது வழக்கமான கேள்வி வரவில்லை. மச்சானுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

"முதல் எடம்" என்றார் ஃபார்முலா. அவர் கிளம்பும்போது அது உண்மைதான். பொட்டாசியக் கட்டம் நிரம்பிய பிறகு யார் கண்டது.

மச்சான் இரண்டு கையையும் தூக்கி இல்லாத ஒரு ஹாரனை அடித்தான். "சிக்னல்ல... முத வண்டி... நம்மதா? அக்கா! கேட்டியா? பச்சை விழுந்தா... பறந்துடுவோம்." பேச்சு துண்டு துண்டாக வந்தாலும் சிரிப்பு முழுசாக வந்தது.

அக்கா சமையலறையிலிருந்து வந்தவள், வந்த வேகத்தில் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது.

"என்னமோ உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன். கேட்டாத்தான் பேசுவாரு, எதையும் செய்ய மாட்டாருன்னு. செஞ்சுட்டீங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன், அவனுக்கும் சொல்ல மாட்டேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த காலி எப்ப வரும்?"

"வரும். பதறாதே" என்று சொல்லும்போதே, இது யாருடைய வசனம் என்று அவருக்கு உறைத்தது. அவளுக்கு உறைக்கவில்லை. தானே நாள் முழுக்கச் சொல்கிற சொல்லை அவள் அப்படியே நம்பினாள்.

உடனே ஒரு பையை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். துண்டு, தேய்த்த சட்டை, செருப்பு, ரிப்போர்ட்டுகள். இன்றைக்கே கூப்பிட்டுவிடுவார்கள் என்பது போல. "மெஷின்ல படுத்தா ரொம்பக் குளிருமாம். பரண்ல அந்தக் கட்டம் போட்ட கம்பளி இருக்கும், எடுத்துக் குடுங்க."

ஃபார்முலா ஸ்டூலைப் போட்டு ஏறினார். பரண் வாயில் தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. தூசியும் பழைய அட்டைப்பெட்டி வாசனையும். கம்பளி எதிரிலேயே, மடித்தபடி இருந்தது. அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே இருட்டாக இருந்தது. வெளியே நிற்கிறவர்களுக்கு அவர் இடுப்புக்குக் கீழேதான் தெரியும்.

"என்ன மாமா" என்று முன்னறையிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே குரல் வந்தது, "மேலயே... பார்க் பண்ணிட்டீங்களா?"

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்காமல் வழிந்தது அந்தச் சிரிப்பு. "கெடைச்சுதாங்க?" என்றாள் நடுவில்.

"தேடிட்டு இருக்கேன்" என்றார் ஃபார்முலா, கம்பளிக்குள் முகத்தைப் புதைத்தபடி.